உறை மண்

அத்தியாயம் 11

வியாழக்கிழமை பவுலின் கண்விழித்தபோது கணவன் சிறிலின் பாய் சுருட்டி மூலையில் சாத்தப்பட்டிருந்தது.

காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் எழும்புகிற ஆள். இவ்வளவு காலையில் எங்கே போயிருப்பான் என்று ஒரு கேள்வி வந்தது. வந்த வழியே போய்விட்டது. அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தேத்தண்ணீர் கொதிக்க வைத்தாள். ரொட்டி தட்டினாள். ரொட்டியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று இரண்டு வருடமாக அவள் நாக்குக்குத் தெரிவதில்லை. பக்கத்துக் காம்பரா வீரம்மா வந்து ஒரு துண்டு பிய்த்துத் தின்று பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

மாதா படத்துக்குக் கீழே தொங்கிய நாட்காட்டியில் ஆகஸ்ட் இருபத்தாறைச் சுற்றி நீலப் பென்சிலால் ஒரு வட்டம். அண்ணன் றோலண்ட் போட்டது. அவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். எதையும் இலக்கம் போட்டு, திகதி போட்டு, நாலு பேருக்குக் கடிதம் எழுதித்தான் செய்வார்.

அந்தக் கடிதங்களில் ஒன்றுக்குப் பலன் கிடைத்திருந்தது. இன்று பகல் ஒன்றரை மணிக்கு விவசாயப் போதனாசிரியர் பவுலினின் வெங்காயப் பாத்திகளைப் பார்க்க வருகிறார்.

உடப்புசல்லாவைப் பக்கம் வெள்ளக்கல் தோட்டத்தில் கீழ்ப்பிரிவுக்காரர்களின் கல்லறை மேடு ஓடைக்கு மேலே இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஒரு துண்டு நிலம். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிப்போட்ட இடம். அறுபது எழுபது வருடம் தேயிலை தின்று தீர்த்த மண். பஞ்ச வருடத்தில், யாரும் எதையும் நட்டுக்கொள்ளலாம் என்று துரை சொன்னபோதும் அந்தத் துண்டை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பவுலின் கேட்டாள்.

இப்போது வேறு துரை வந்துவிட்டார். அந்தத் துண்டில் குவாட்டமாலாப் புல் வைத்து, இரண்டு வருடம் மண்ணை ஆறவிட்டு, மறுபடி தேயிலை வைப்பது என்று முடிவாகியிருந்தது. புல்லுக் கட்டைகள் லொறியில் வந்து இறங்கி, ஸ்டோர் சுவரோரம் ஈரச்சாக்குக்குள் கிடந்தன. போதனாசிரியர் அந்த நிலத்தை விதை வெங்காயப் பாத்தியாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் துரை விடுவார். இல்லாவிட்டால் திங்கட்கிழமை மண் கிளறுகிற முள்ளும் மண்வெட்டியும் இறங்கும்.

அந்தப் புல் ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஒருமுறை வளர்ந்துவிட்டால் அதற்குள் வழி கிடையாது.

மூன்றாவது பாத்தியின் தலைமாட்டில் நின்றால் பதினோரு அடி தூரத்தில் டோரீனின் சிலுவை தெரியும். நாலு வயதில், பஞ்ச வருடத்து ஜூன் மாதத்தில், இரண்டே நாள் வயிற்றோட்டத்தில் போன பிள்ளை. கல்லறைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போகலாம். மற்ற நாளில் போனால், இன்னுமா என்று லயத்து வீடெல்லாம் பார்க்கும். பாத்திக்கு என்றால் தினமும் போகலாம். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. றோலண்டிடம்கூட.

*

"என்னாடி பவுலின், இன்னைக்கு ஒனக்குப் பரீட்சையாமே?" வீரம்மா அடுத்த தேயிலை நிரையில் இருந்து குரல் கொடுத்தாள். "ஒங்க அண்ணன் பள்ளிக்கூடத்துப் புள்ளைகள வாட்டுறது பத்தாதுன்னு ஒன்னையும் புடிச்சுக்கிட்டாரா?"

"ம்."

"பாஸானா எனக்கு ஒரு கொத்து குடுத்துரு. கருவாட்டுல வெங்காயம் போட்டுத் தின்னு எத்தன மாசமாச்சு. எங்க வீட்டு ஆளு தூக்கத்துல வெங்காயம் வெங்காயம்னு பெனாத்துறாரு. ஒருநாளாச்சும் எம்பேரு வருதா பாரேன்!"

நிரை முழுதும் சிரித்தது. பவுலின் கொழுந்தைக் கிள்ளி முதுகுக்குப் பின்னால் கூடைக்குள் போட்டாள். மேகம் இல்லாத நாள். மலையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன, தெரிந்ததோடு சரி.

பிறநாட்டு வெங்காயம் வருவது நின்று வருடக்கணக்காகிவிட்டது. கடையில் வெங்காயம் கிடைத்தால் அது திருநாள். இந்தத் தேயிலை மண்ணில் அது வராது என்று பலபேர் வைத்துப் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். முதல் வருடம் பவுலினுக்கும் வரவில்லை. வைத்த வெங்காயம் வைத்தபடியே சுருங்கிப்போனது.

றோலண்டுக்கு அது பொறுக்கவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்கு எழுதினார். பதில் வந்ததும் சமையற்கட்டில் உட்கார்ந்து தங்கைக்கு விளக்கினார்.

"வெங்காயத்து வேர் மொட்டை வேரு, பவுலின். மத்தச் செடிக்கு இருக்கிற மாதிரி அதுல மயிர் கெடையாது. கிட்டத்துல இருக்கிற சத்தைக்கூட எட்டிப்புடிக்க ஏலாது. மண்ணுல ஒரு பூஞ்சணம் இருக்கு. அது வேருக்குள்ள குடியேறி, வெளிய தூரம்தூரமா இழை விட்டு, சத்தை இழுத்துக் குடுக்கும். வேர் அதுக்குச் சாப்பாடு போடும். நம்ம மண்ணுல அது செத்துப்போச்சு. காட்டோரத்து மண்ணுல இன்னும் இருக்கு."

"அத எப்படிக் கொண்டாறது?"

"பாலுக்கு உறை ஊத்துறாப்புலதான்."

அந்த வார்த்தைதான் அவளுக்குப் பிடிபட்டது. மார்ச் மாதம் காட்டோரத்தில், காட்டுப்பயறும் புல்லும் பின்னிக் கிடந்த இடத்தில் மண் அள்ளி வந்தாள். மூன்று பழைய கொழுந்துக் கூடைகளுக்குள் சாக்கு விரித்து, மண்ணை நிரப்பி, சோளமும் போஞ்சியும் போட்டாள். பத்து வாரம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தண்ணீரை நிறுத்தி, தண்டை அறுத்துவிட்டு, வேரையும் மண்ணையும் சேர்த்துக் கொத்திப் பிசைந்தாள். அதுதான் உறை மண்.

ஜூன் பன்னிரண்டு டோரீனின் இரண்டாம் வருடத் திதி. அன்றைக்குத்தான் நட்டாள். முதல் இரண்டு பாத்தியில் குழிக்கு ஒரு பிடி உறை மண், அதன்மேல் விதை வெங்காயம், வரிசைக்கு நடுவே போஞ்சி. மற்ற இரண்டு பாத்தியில் சாம்பலும் எருவும் மட்டும், ஒத்துப் பார்ப்பதற்காக. இரண்டரைக் கூடை தீர்ந்தது. மூன்றாவதில் பாதியை அடுத்த போகத்துக்கு வைத்துக்கொண்டாள். சாக்கில் ஒட்டியிருந்ததை உதறிக் கொட்டினாள். எங்கே கொட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை.

"ஏய், சொல்ல மறந்துட்டேன்," வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து தண்ணிப் பீலிகிட்ட ஒன் வீட்டுக்காரரு என்னையக் கேட்டாரு. பாத்தி எப்படி இருக்குன்னு."

பவுலின் திரும்பினாள். "அவரா?"

"அவருதான். எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. தாளெல்லாம் மஞ்சளடிச்சு சாஞ்சு படுத்துருச்சு அண்ணேன்னு சொன்னேன்."

"முத்துனா அப்படித்தான் சாயும்."

"அது எனக்கு எங்கிட்டுத் தெரியும்? எனக்குத் திங்கத்தான் தெரியும்."

"அவரு என்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. மொகம் ஒருமாதிரியாப் போச்சு. வாளியக்கூட எடுக்காம போயிட்டாரு."

சுருட்டி வைத்த பாய் பவுலினின் கண்ணுக்குள் வந்தது. கை ஒரு கணம் நின்று, மறுபடி கிள்ளத் தொடங்கியது.

*

பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும் சாப்பாட்டுக்கு லயத்துக்குப் போகாமல் நேரே பாத்திக்கு இறங்கினாள்.

முதலில் தெரிந்தது புகை. ஓடைப் பக்கம், பச்சைச் செடி எரிய முடியாமல் எரிகிற புகை. அடுத்துத் தெரிந்தது நிறம்.

முதல் இரண்டு பாத்தியும் நீலப்பச்சையாக இருந்தன. சாய்ந்த தாள், மண், வரப்பு எல்லாம். வரிசைகளுக்கு நடுவே போஞ்சி நின்ற இடங்களில் குழி குழியாக இருந்தது.

சிறில் வரப்பில் நின்றிருந்தான். மருந்து பம்பு அவன் காலடியில் கிடந்தது. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் நீலம்.

"வந்துட்டியா," என்றான். "வேர்ல நோய் புள்ள. நல்லவேளை பாத்தேன்."

பவுலின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"மண்ணக் கெளறிப் பாத்தா வெள்ள நூலு நூலா ஓடுது. போஞ்சியப் புடுங்கிப் பாத்தேன், வேர் பூரா முடிச்சு. ரெண்டு பாத்தியோட நின்னுருச்சு, அந்தப் பக்கம் ரெண்டும் சுத்தம். பரவ விடக்கூடாதுன்னு கொப்பர் மருந்து கரைச்சு வேர் நனைய ஊத்திட்டேன். போஞ்சியெல்லாம் புடுங்கி நெருப்பு வச்சுட்டேன். கூடையில கொஞ்சம் மண்ணு வச்சிருந்தியே, அதுலயும் அதே நூலு. அதுலயும் ஊத்திட்டேன். ஊத்துறதப் பெரட்டுக்கு முன்னாடியே முடிச்சுட்டேன், நெருப்பப் பாக்கத்தான் இப்ப வந்தேன். இனி பயமில்ல."

இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான்.

பவுலினுக்கு எல்லாம் விளங்கியது. பதினாலு வருடமாக அவன் வேர்நோய்க் கோஷ்டியில் வேலை செய்கிறவன். ஒரு தேயிலைச் செடி வாடினால் பக்கத்தில் தோண்டுவான். வேரில் வெள்ளை நூல் ஓடினால் அந்தச் செடியையும் அக்கம்பக்கத்துச் செடிகளையும் பிடுங்கி அங்கேயே எரிப்பான். நாற்றுமேடையில் வேரில் முடிச்சுள்ள கன்றைக் கண்டால் தூர எறிவான். மழைக்காலத்தில் கொழுந்தில் கொப்புளம் வந்தால் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு கொப்பர் அடிப்பான். இந்தத் தோட்டத்தில் பூஞ்சணம் என்றால் கொல்லவேண்டிய சாமான். அதற்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பார்கள் என்று எந்தக் கங்காணியும் எந்தத் துரையும் அவனுக்குச் சொன்னதில்லை.

அவளும் சொல்லவில்லை.

கோபம் வரும் என்று அவள் ஒரு கணம் காத்திருந்தாள், பஸ் வருகிறதா என்று வளைவைப் பார்ப்பதுபோல. வரவில்லை.

"அது நோயில்லீங்க," என்றாள்.

"பின்ன?"

"அதத்தான் வளத்தேன்."

அவன் விளங்காமல் பார்த்தான். அவள் மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தபோது மேல்பாதையில் றோலண்ட் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கையில் கொப்பியோடு இறங்கி வந்தார். நீலத்தைக் கண்டதும் குடை நழுவி விழுந்தது.

"ஐயையோ. யாரு செஞ்சது இது?"

"நான்தான் மச்சான்," என்றான் சிறில்.

றோலண்ட் எரிகிற குவியலுக்கு ஓடினார். பாதி வெந்த போஞ்சி ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். வேரில் இருந்த ஒரு முடிச்சை நகத்தால் நிமிண்டினார். அது சுலபமாக உதிர்ந்தது. நசுக்கிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"தேயிலையில புழு போட்ட முடிச்சு இப்படி உதிருமா மச்சான்? சொல்லுங்க. நீங்கதான் ஆயிரம் கன்னு பாத்தவராச்சே."

சிறில் அதை வாங்கிப் பார்த்தான். இன்னொரு முடிச்சைத் தானே நிமிண்டினான். அதுவும் உதிர்ந்தது.

"உதிராது," என்றான். "அது வேரோட வேரா வீங்கியிருக்கும்."

"இது காத்துல இருக்கிற சத்தை மண்ணுக்கு இழுத்துத் தாற முடிச்சு. அதுக்குத்தான் போஞ்சியே வச்சது. நீங்க பாத்த வெள்ள நூலு இருக்கே, அது சருகு தின்னுறது. வேருக்குள்ள இருக்கிறதுக்கு அது பங்காளி முறை. உள்ள இருக்கிறது கண்ணுக்கே தெரியாது. பங்காளியப் பாத்துட்டு வீட்டையே கொளுத்திட்டீங்களே! ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"யாருகிட்ட கேக்குறது?" சிறிலின் குரல் உயரவில்லை. "எங்க வீட்டுல யாரு பேசுறா?"

பவுலின் குனிந்து றோலண்டின் குடையை எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

*

ஒன்றரை மணிக்குப் போதனாசிரியர் ஏகநாயக்க வந்துவிட்டார். மெலிந்த மனிதர். தொப்பி, சட்டைப்பையில் ஒரு பூதக்கண்ணாடி. கூடவே துரைக்குப் பதிலாக, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா.

ஏகநாயக்க சிங்களத்தில் பேசினார், நடுநடுவே தமிழ். றோலண்ட் ஒன்றையும் மறைக்கவில்லை. காலையில் நடந்ததை இலக்கம் போட்டதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏகநாயக்க கேட்டுக்கொண்டே குந்தி உட்கார்ந்தார். முதல் பாத்தியில் ஒரு செடியை மூட்டோடு பிடுங்கினார். ஒன்பது வெங்காயம், ஒவ்வொன்றும் பெருவிரல் பருமன். மூன்றாம் பாத்தியில் ஒன்றைப் பிடுங்கினார். மூன்று, நெல்லிக்காய் அளவுகூட இல்லை.

"அப்ப சரிதானே," என்றார் கண்டாக்கு. "கொப்பர் ஊத்துன பாத்தி நல்லா வந்திருக்கு. ஊத்தாதது வரல. இதுக்கு என்னாத்துக்குப் பூஞ்சணம்? ஸ்டோருல கொப்பர் கெடக்குதுதானே."

"ஐயா, அது இன்னைக்குக் காலையில ஊத்துனது," என்றார் றோலண்ட்.

"அது நீங்க சொல்றது வாத்தியாரே. பாத்தவன் யாரு?"

ஏகநாயக்க தலையை ஆட்டினார். காலையில் ஊற்றிய மருந்தில் பகலுக்குள் வெங்காயம் பருக்காது, அது தனக்குத் தெரியும் என்றார். ஆனால் தனக்குத் தெரிவதைக் கொண்டு எழுத முடியாது. வேரை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே சாயம் போட்டுப் பார்த்து, பூஞ்சணம் உயிரோடு வேருக்குள் இருக்கிறது என்று சொன்னால்தான் பக்கம் எழுதலாம். கொப்பரில் குளித்த வேரை அனுப்பினால் முதல் ஆளே குப்பையில் போடுவான்.

"மருந்து படாத செடி வேணும்," என்றார் தமிழில். "அதே மண். ஒரு சட்டியில, ஒரு டின்னுல, எங்கயாவது இருக்கா?"

றோலண்ட் நீலமாகிக் கிடந்த கூடையைப் பார்த்தார். சிறில் தன் கைகளைப் பார்த்தான்.

கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப திங்கக்கெழம ஆள இறக்கச் சொல்லி நான் தொரகிட்ட..."

"ஒரு எடம் இருக்கு," என்றாள் பவுலின்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. முன்னால் நடந்தாள். மூன்றாவது பாத்தியின் தலைமாட்டைக் கடந்து, கல்லறை மேட்டின் வேலி இடைவெளியில் நுழைந்து, பதினோரு அடி.

சின்னக் கல்லறை. மரச்சிலுவை. மண் குவித்த மேட்டின் மேல், தாள் மஞ்சளாகிச் சாய்ந்து, ஆறு வெங்காய மூடுகள். சுற்றிலும் போஞ்சி, காய் முற்றிக் காய்ந்து நின்றது.

திதிக்கு எல்லாரும் கல்லறையில் புதுமண் போட்டுப் பூச்செடி வைப்பார்கள். அன்றைக்கு அவள் கையில் பூச்செடி இல்லை. சாக்கில் ஒட்டியிருந்த மண் இருந்தது. மடியில் ஆறு வெங்காயமும் ஒரு பிடி போஞ்சியும் மிச்சம் இருந்தன. பிள்ளை இருந்திருந்தால் அந்த மாதம் ஆறு முடியும். ஒவ்வொன்றாக வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவ்வளவுதான்.

றோலண்ட் வாயைப் பொத்திக்கொண்டார். ஏகநாயக்க தொப்பியைக் கழற்றினார். பூதக்கண்ணாடியை எடுக்கப்போன கை பாதியில் நின்றது.

"இங்க நான் கை வைக்கமாட்டேன் அம்மா," என்றார்.

"நான் புடுங்கித் தாறேன்."

அவள் முழங்காலிட்டாள். கால்மாட்டில் இருந்த மூட்டின் அடியில் விரலை விட்டாள். மண் வெயிலில் சூடாக இருந்தது. சூடாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. இழுத்தபோது லேசில் வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது. விரலை இன்னும் ஆழமாக விட்டுத் தளர்த்தினாள். வந்துவிட்டது. பதினொரு வெங்காயம். வேர் கொத்தாக மண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தது. உதறினாள். உதிரவில்லை.

வெங்காய வாடை பச்சையாக மூக்கில் ஏறியது.

சாம்பல் இல்லை, எரு இல்லை, இந்த மண்ணில் பதினொன்றா என்று ஏகநாயக்க தனக்குள் சிங்களத்தில் சொல்லிக்கொண்டார். இன்னொன்றும் கேட்டார். அதையும் பிடுங்கிக் கொடுத்தாள். இரண்டையும் நனைத்த பத்திரிகைத் தாளில் சுற்றினார். றோலண்ட் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சீட்டு எழுதத் தொடங்கினார். திகதி. தோட்டம். நட்ட நாள். எழுபத்தைந்து நாள் வயது. எடுத்த இடம்.

பேனை அந்த இடத்தில் நின்றது. அவர் தங்கையைப் பார்த்தார்.

"டோரீன்னு எழுதுங்க," என்றாள் பவுலின்.

அவர் எழுதினார். எழுத்துக் கோணலாக விழுந்தது; திருத்தவில்லை.

ஏகநாயக்க பொட்டலத்தைப் பைக்குள் வைத்தார். பதில் வர மூன்று கிழமை ஆகும், அதுவரைக்கும் இந்த நிலத்தில் கை வைக்கவேண்டாம் என்று துரையிடம் சொல்லுங்கள் என்றார்.

கண்டாக்கு ஐயாவும் எப்போதோ தொப்பியைக் கழற்றியிருந்தார். "சொல்லிப் பாக்குறேன்," என்றார், இந்த முறை மெதுவாக. "ஆனா புல்லுக் கட்டை மூணு கெழமை சாக்குல கெடந்தா காஞ்சுபோகும். தொர கேப்பாரா தெரியாது. எம்மேல கொற சொல்லாதீங்க அம்மா."

*

அவர்கள் போனார்கள். றோலண்ட் போதனாசிரியரோடு பேசிக்கொண்டே ஏறிப்போனார். இறங்கும்போது கக்கத்தில் இருந்த குடை, ஏறும்போது வரப்பிலேயே மறந்து கிடந்தது.

பவுலின் எழும்பவில்லை. கல்லறையின் கால்மாட்டில் இரண்டு குழி. ஓரத்து மண் உலரத் தொடங்கியிருந்தது.

வேலிப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. சிறில்தான் என்று திரும்பாமலே அவளுக்குத் தெரியும். டோரீனைப் புதைத்த அன்றைக்குக் குழி வெட்ட வந்த இரண்டு பேரும் பசியில் பாதிக்கு மேல் வெட்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டார்கள். மீதியை வெட்டியது சிறில். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவன் வந்ததில்லை. இன்று காலையிலும் ஓடைப் பாதையால்தான் வந்திருப்பான். இந்தப் பக்கமாக வந்திருந்தால் இந்த ஆறு மூட்டையும் பார்த்திருப்பான். பார்த்திருந்தால் இதிலும் ஊற்றியிருப்பான்.

வேலி இடைவெளியில் நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"அந்தக் குழி..." என்றான். நிறுத்தினான். "மண்ணு போடணுமா?"

"போடணும்."

"காட்டோரத்துக்குப் போயி அள்ளிக்கிட்டு வரவா?"

"வேணாம். இதுல வேர் மிச்சம் இருக்கு. இந்த மண்ணையே மூடணும். வெயில் பட்டா செத்துரும்."

அவன் மற்றக் காலையும் உள்ளே எடுத்து வைத்தான். குனிந்து கையை நீட்டினான். நீலம் நகக்கண் வரைக்கும் ஏறியிருந்தது.

பவுலின் அந்தக் கையைப் பார்த்தாள்.

"கைய கழுவிட்டு வாங்க," என்றாள். "மொழங்கை வரைக்கும்."

அவன் திரும்பி, பீலிக்கு இறங்கினான். சற்று நேரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மாறியது. கல்லில் விழுந்த தண்ணீர் இப்போது கையில் விழுந்தது. தேய்க்கிற சத்தமும் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கொப்பர் லேசில் போகாது.

பவுலின் இரண்டு குழியின் மேலும் வெயில் படாமல் உள்ளங்கைகளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தாள்.